வராத கார்டுக்கும் ஓர் இடம்

கறுத்த திரையில் அவர் முகம் தெரிந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அப்பால், வாய்க்கால் ஓரத்து அரிசி ஆலை ஒன்றில், காலை வெயில் தகரக் கூரையின் ஓட்டைகள் வழியே கம்பி கம்பியாக இறங்கிக்கொண்டிருந்தது. தொட்டிகளில் ஊறிய நெல்லின் புளித்த வாடை. நாங்கள் செய்து கொடுத்த இயந்திரத்தின் முன்னால் அவர் நின்றிருந்தார். உள்ளே விசிறி சுழன்றது, பச்சை விளக்கு எரிந்தது, திரையில் மட்டும் ஓர் எழுத்துகூட வரவில்லை. மின்சாரத்தை நிறுத்திப் போட்டோம். மறுபடியும் நிறுத்திப் போட்டோம். அதே கறுப்பு. அந்தக் கண்ணாடிக் கறுப்பில் அவர் முகமும், தோளுக்குப் பின்னால் ஆலைக்காரரின் வெள்ளைச் சட்டையும், இன்னும் பின்னால் அடுக்கிய மூட்டைகளும் தெரிந்தன. என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "கெட்டுப் போறது பெரிசில்லீங்க. எதுனால கெட்டுதுன்னு ஒரு வார்த்தை சொல்லாமயே சாகுது பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியல."

அவரை நாங்கள் லீடரம்மா என்போம். குழுவுக்குத் தலைவர் என்பதால் வந்த பெயர். கேலியாகத்தான் தொடங்கியது, கேலி எப்போதோ உதிர்ந்துபோய், பெயர் மட்டும் நின்றுவிட்டது. கொள்ளேகால் பக்கம் மல்பெரித் தோட்டம் வைத்திருந்த தமிழ்க் குடும்பம். மைசூரில் படித்து, மைசூரிலேயே வேலைக்கு வந்தவர். கன்னடத்தில் வாதாடுவார், இங்கிலீஷில் எழுதுவார். எங்களோடு தமிழில் பேசும்போது மட்டும் ஊர் கூடவே வந்துவிடும், வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு 'ங்க' வைத்து. ஏறக்குறைய என் வயதுதான் அவருக்கு. நான் மைசூரிலேயே பிறந்த மில் தொழிலாளியின் மகன். "உங்க தமிழ்ல பாதி கன்னடம், மீதி மௌனமுங்க" என்று என்னைச் சீண்டுவார். சரிதான். தொண்ணூறுகளின் பின்பாதி அது. தேவராஜ மொஹல்லாவில் ஓர் ஊதுபத்திக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். கடையிலிருந்து ஏறி வரும் சந்தன வாசமும், எங்கள் மேசையிலிருந்து இறங்கும், பலகை பற்றவைக்கும் ஈயப் புகையும் படிக்கட்டில் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். எனக்கு அங்கே கையேடு எழுதும் வேலை. கம்ப்யூட்டர் நிரல் எழுதத் தெரியாது. எழுதுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, சலிக்கச் சலிக்கக் கேள்வி கேட்டு, அதை ஆலையில் நிற்கிறவர்களுக்குப் புரிகிற மாதிரி எழுத வேண்டும். லீடரம்மா சலித்துக்கொண்டதில்லை. பாராட்டியதும் இல்லை. எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு தப்பைச் சுழித்துவிட்டுத் திருப்பித் தருவார், அவ்வளவுதான் பாராட்டு.

இயந்திரம் என்றால் பெரிய கோட்டை ஒன்றுமில்லை. ஆளுயர இரும்புப் பெட்டி. ஊறிய நெல் வெந்து, காய்ந்து, அரவைக்குப் போகும் வழியில் எடை பார்க்கும், நேரம் பார்க்கும், நெல்லைத் தூக்கிக் கொட்டும் மோட்டாரை, தொட்டி நிறைந்ததும் நிறுத்தும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பச்சைப் பலகை, கார்டு என்போம். கார்டுகளைச் செய்தவரை இங்கே கார்டுக்காரர் என்றே சொல்லிவிடுகிறேன், ஊதாச் சட்டையும் ஓயாத வாயும் உள்ள மனிதர். அந்தக் கார்டுகளையெல்லாம் எழுப்பி, வேலை ஏவி, ஒன்றின் மேல் ஒன்று விழாமல் பார்த்துக்கொள்ளும் அடிப்படை நிரல்தான் கெர்னல். அது லீடரம்மாவுடையது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அவர் எழுதியது. வெளிநாட்டிலிருந்து ஒன்றை வாங்கிப் போட்டுவிடலாம் என்ற ஆசை எங்கள் முதலாளிக்கு எப்போதும் உண்டு. ஆலையில் திரை கறுத்த அன்று மாலை, லீடரம்மாவைக் கூப்பிட்டு, பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "இன்னொரு தடவை ஆலையில மிஷின் நின்னுதுன்னா, நான் வெளிய வாங்கிடுவேன்மா. உன்னோடதை மூட்டை கட்டி வச்சிடலாம். பேஜார் மாடிக்கோபேடா." வருத்தப்படாதே என்று கன்னடத்தில் ஆறுதலும் சேர்த்துச் சொல்லிவிட்டார். லீடரம்மா தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். அவர் வருஷக்கணக்கில் வளர்த்த ஒன்று, ஆலையிலிருந்து வரும் ஒரே ஒரு தொலைபேசி மணியில் முடிந்துபோகும் தூரத்தில் இருந்தது.

என்னதான் நடந்தது என்று கண்டுபிடிக்க அவர் கையாண்ட வழி எனக்கு இன்றும் வியப்பு. ஆபீஸில் இருந்த இன்னொரு பெட்டியில், கார்டுகளை ஒவ்வொன்றாகப் பாதி உருவி வைத்துவிட்டு இயந்திரத்தை எழுப்பிப் பார்த்தார். கார்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "லீடரம்மா, அது பல்லு இல்ல, புடுங்கிப் புடுங்கிப் பாக்கிறதுக்கு!" எடைக் கார்டைப் பாதி உருவியபோது திரை கறுத்தது. ஆலையில் பார்த்த அதே கறுப்பு.

அதற்குப் பிறகு எனக்கு விளக்கினார். கார்டு ஒவ்வொன்றுக்கும் பலகையிலேயே நிலைத்த ஒரு மெய்யான விலாசம் உண்டு. கெர்னல் அந்த விலாசத்தை நேராகக் கூப்பிடுவதில்லை. தனக்கென்று உள்ள எண்களின் பரப்பில், எண்வெளி என்போம், அதில் தானே ஒரு விலாசம் வைத்துக்கொண்டு, இதைத் தொட்டால் அந்தக் கார்டைத் தொட்டதாக அர்த்தம் என்று ஓர் அட்டவணை போட்டுக்கொள்ளும். கற்பனை விலாசம், ஆனால் அதன் வழியாகத்தான் மெய்யான மோட்டார் நிற்கும். அந்தக் கற்பனை விலாசங்களை அதுவரை எங்கள் கெர்னல் வந்த வரிசையில் வழங்கிக்கொண்டிருந்தது. முதலில் கண் விழித்த கார்டுக்கு முதல் இடம், அடுத்து விழித்ததற்கு அடுத்த இடம். ஆலையில் காலையில் எல்லா மோட்டார்களும் ஒரே நேரத்தில் கிளம்பும்போது வோல்டேஜ் படுத்துவிடும். எடைக் கார்டு அரைத் தூக்கத்தில் பதில் சொல்லாது. கெர்னல் அதைத் தாண்டிப் போய், அதன் இடத்தை மோட்டார் கார்டுக்குக் கொடுத்துவிடும். எடை பார்க்கும் நிரலோ தன் கார்டு வழக்கமான இடத்தில் இருப்பதாக நம்பி, அங்கே உட்கார்ந்திருக்கும் மோட்டார் கார்டின் கழுத்தைப் பிடிக்கும். அந்தக் கணத்தில் எல்லாம் நின்றுவிடும். திரைக்கு இடம் கிடைப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில் என்பதால், நின்ற காரணத்தை எழுத வாய் இருக்காது.

லீடரம்மா செய்ய நினைத்தது எளிமையானது. கெர்னலின் எண்வெளியில், உச்சியில் ஒரு துண்டை ஒதுக்கிவிடுவது. அதில் எந்தக் கார்டு எங்கே என்பதை நிரல் எழுதும்போதே முடிவு செய்து, ஒரு பட்டியலாக எழுதிவிடுவது. முதல் இடம் திரைக்கு. மற்றவை அதன் பின்னால். கார்டு வந்தாலும் வராவிட்டாலும், தாமதமாக வந்தாலும், அதன் இடம் அதற்குத்தான். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை.

"வராத கார்டுக்கு எதுக்கும்மா இடம்? காலியா கெடக்கும்ல, சும்மனே?"

"கெடக்கட்டுங்க சார். இடம்னா வெறும் நம்பர்தானுங்க. மெமரி ஒரு துளி செலவாகாது. யாராச்சும் தெரியாம அங்க போய்த் தொட்டா, இங்க ஆளில்லைன்னு கெர்னலே புடிச்சு, எந்தக் கார்டு வரலைன்னு திரையில எழுதிடும். இப்ப மாதிரி அடுத்தவன் மேல போய் விழாது."

கார்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். கீழே சந்தில், கடைகளுக்கு முன்னால், வெற்றிலை விற்கும் அம்மாவின் இடத்தில் ஒரு கூடை கவிழ்ந்து கிடந்தது. "தோ பாருங்க சார், அந்தம்மா மகளுக்குப் பிரசவம்னு போயிருக்காங்க. இடம் அப்படியே இருக்கு. யாரும் உக்காரல. லீடரம்மா சொல்றது அந்த மாதிரிதான்."

லீடரம்மா எழுந்து போய் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். நன்றாக, நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தார். "அந்த மாதிரி இல்லீங்க. பூக்காரர் ஒரு முழம் நகந்து உக்காந்தாச்சு பாருங்க. நாளைக்கு இன்னொரு முழம் நகருவாரு. அந்தம்மா வந்ததும் கொழந்தை எப்படி இருக்குதுன்னு கேட்டுட்டு, சிரிச்சிட்டு, தள்ளி உக்காந்துக்குவாரு. மனுசங்க நகரலாமுங்க. இங்க அரை வெரல்கூட நகரப்படாது."

"அப்ப உங்க கெர்னல் பூக்காரரைவிட மோசம்னு சொல்லுங்க."

"ஆமாங்க. அதுக்குக் கொழந்தையை விசாரிக்கத் தெரியாதுங்களே."

முதலாளி சிரித்துவிட்டார். சிரிப்பு வந்தால் அவரால் மறுக்க முடியாது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும், லீடரம்மாவைத் தவிர. அவர் சிரிக்க வைக்கச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார், அவ்வளவுதான்.

புதிய கெர்னலை ஒரு காலையில் ஆலைக்குக் கொண்டுபோனோம். மோட்டார்கள் உறுமின, விளக்குகள் மங்கின, வோல்டேஜ் படுத்தது. கார்டுக்காரர் கண்களை மூடிக்கொண்டார். சுவிட்ச் போட்ட மறுகணம், கறுப்பின் மேல் மூலையில் வெள்ளை எழுத்துகள் ஓடி வந்து நின்றன: எடைக் கார்டு வரவில்லை, காத்திருக்கிறேன் என்று, இங்கிலீஷில், பெரிய எழுத்தில். கொஞ்சம் பொறுத்து விளக்குகள் தெளிந்தன. கார்டு விழித்தது. தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. ஆலை ஓடியது. லீடரம்மா திரையின் தூசியைப் புடவைத் தலைப்பால் துடைத்தார். "இப்பத்தானுங்க இதுக்கு வாய் வந்துது" என்றார். என் நினைவில் அவர் மகிழ்ச்சியைக் காட்டியது அந்த ஒருமுறைதான், அதுவும் ஒரு பெட்டியைப் பார்த்து.

மழைக்காலம் போய், தசரா கூட்டம் வந்து கலைந்து, குளிர் இறங்கியது. கார்டுக்காரர் புதிதாக ஒரு கார்டு செய்தார்; நெல்லின் ஈரத்தை அளப்பது. ஆலைக்காரருக்கு அதன் மேல் ஒரே ஆவல். அதற்கும் கெர்னலில் இடம் வேண்டுமே. இங்கேதான் லீடரம்மாவின் இயல்பைச் சொல்ல வேண்டும். அவருக்கு எதுவும் இனத்தோடு இனமாக இருக்க வேண்டும். ஆபீஸில் நாங்கள் குடித்துவிட்டு வைத்த டீ டம்ளர்களைக்கூட, பேசிக்கொண்டே, பெரியது பெரியதோடு சிறியது சிறியதோடு சேர்த்துவிடுவார். எடையும் ஈரமும் இரண்டும் அளவைகள். ஆகவே பட்டியலில் எடைக் கார்டின் பெயருக்கு அடுத்த வரியில் ஈரக் கார்டின் பெயரை எழுதினார். அழகாக இருந்தது. அதற்குக் கீழே இருந்த மோட்டார் கார்டு ஒரு வரி இறங்கியது; பட்டியலில் ஒரு வரி இறங்கினால் விலாசமும் ஓர் இடம் தள்ளிப் போகும். எல்லா நிரல்களையும் புதிதாகத் தொகுத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் எங்கள் நிரல்கள் தனித்தனி சிப்புகளில் எரித்து, அதாவது மாறாதபடி பதித்து, வைத்தவை. கெர்னல் சிப்பையும் ஈரக் கார்டின் சிப்பையும் மட்டும் புதிதாக எரித்தோம். மோட்டாரை ஓட்டும் சிப்பு பழையது. அதற்குள் பழைய விலாசம் கல்லில் பொறித்ததுபோல் இருந்தது.

அன்று ஆலைக்காரர் தன் மைத்துனர்களை வரவழைத்திருந்தார். அவர்களும் ஆலை வைத்திருப்பவர்கள், பிடித்தால் வாங்குவார்கள். முதலாளி பட்டுக் கரை வேட்டியில் வந்திருந்தார். புதிய சிப்புகளைச் செருகினோம். திரை எழுதியது, ஈரம் காட்டியது, மைத்துனர்கள் தலையாட்டினார்கள். தூக்கும் மோட்டாரை வழக்கம்போல் ஆலை ஆள் ஒருவர் கையால் சுவிட்ச் போட்டு ஓட்டிவிட்டார். நெல் வாளி வாளியாக மேலே ஏறியது. தொட்டி நிறைந்தது. மோட்டார் நிற்கவில்லை. நெல் விளிம்பைத் தாண்டி வழிந்தது, பிறகு கொட்டியது, பிறகு மஞ்சளாக ஒரு திரை இறங்கியதுபோல் எங்கள் எல்லோர் தலை மேலும் பொழிந்தது. வேலையாள் ஒருவர் ஓடிப்போய்ப் பெரிய கைப்பிடியை இழுத்து மோட்டார்களின் மின்சாரத்தைத் துண்டித்தார். அமைதி. நெல்மணிகள் தகரத்தில் உருளும் சத்தம் மட்டும்.

முதலாளி வேட்டியை உதறிக்கொண்டே ஆலைக்காரரிடம், "வோல்டேஜு" என்றார். மைத்துனர்கள் கூரையை அண்ணாந்து பார்த்து, "ஹவுது, வோல்டேஜு" என்று ஆமோதித்தார்கள். அந்த வட்டாரத்தில் எது கெட்டாலும் அதுதான் காரணம், மறுப்பவர் கிடையாது. போன தடவை உண்மையிலேயே வோல்டேஜ்தான். யார் சந்தேகப்படப் போகிறார்கள்? நிம்மதி ஒன்று எங்கள் எல்லோர் முகத்திலும் பரவியதை நான் பார்த்தேன். என் முகத்திலும் பரவியிருக்கும்.

லீடரம்மா மட்டும் குனிந்து ஈரக் கார்டின் சிறிய விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். மோட்டாரை நிறுத்தச் சொன்ன ஆணை அந்தக் கார்டுக்குப் போயிருந்தது. புரியாத சொல்லைக் கேட்ட கார்டு விளக்கைச் சிமிட்டிக்கொண்டே இருந்தது. பெட்டிக்கு மின்சாரம் தனி இணைப்பில் வந்ததால் அந்த விளக்கு இன்னும் அணையவில்லை. அவர் நிமிர்ந்தார். கார்டுக்காரர் அவர் பக்கம் நகர்ந்து, உதட்டை அசைக்காமல் முணுமுணுத்தார். "லீடரம்மா, சும்மா இருங்க. வோல்டேஜுன்னா வோல்டேஜுதான். ஆபீஸுக்குப் போய் சரி பண்ணிக்கலாம். வாயைத் திறந்தா உங்க கெர்னல் இன்னிக்கே மூட்டைதான்."

"தெரியுமுங்க," என்றார் அவர். "இதுக்கு வாய் குடுத்ததே நானு. இப்ப நான் வாயை மூடிக்கட்டுங்களா?"

பிறகு ஆலைக்காரரிடம் போய்க் கன்னடத்தில் சொன்னார். வோல்டேஜ் அல்ல, தப்பு நந்து, தப்பு என்னுடையது. கையை விரித்து, விரல்களைக் கார்டுகளாக்கிக் காட்டினார்: இவை ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவை, நடுவில் இந்த ஒன்றைச் செருகினேன், இது தள்ளிப் போனது, தள்ளிப் போனதை ஒருவருக்குச் சொல்லாமல் விட்டேன். கூந்தலில் நெல் ஒட்டியிருந்தது. முதலாளி திரும்பி வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆலைக்காரர், போன தடவையும் உங்கள் தப்புதானா என்று கேட்டார். அது வோல்டேஜ்தான், ஆனால் வோல்டேஜ் படுத்தால் படுக்கிற மாதிரி எழுதியிருந்தது நான்தான், என்றார் லீடரம்மா. தன் கருவிப் பெட்டியைத் திறந்து பழைய கெர்னல் சிப்பை எடுத்து, புதியதைக் கழற்றிவிட்டுச் செருகினார். ஈரம் காட்டாது, மற்றதெல்லாம் ஓடும் என்றார். ஓடியது. தொட்டி நிறைந்ததும் மோட்டார் நின்றது. அவர் ஒரு முறத்தை எடுத்துக்கொண்டு, கூட்டி அள்ளிக்கொண்டிருந்த பெண்களோடு குனிந்துவிட்டார்.

ஆலைக்காரர் தலையில் ஒட்டிய நெல்லைத் தட்டிவிட்டார். பின்பு முதலாளியிடம், தனக்கு இயந்திரம் விற்றவர்கள் எல்லோரும் வோல்டேஜ் என்றுதான் சொல்லிப் போயிருக்கிறார்கள், கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது என்றார். முறத்தோடு குனிந்திருந்தவரைக் காட்டி, "இன்னுமேலே ஈ அம்மனே பரலி" என்றார். இனிமேல் இந்த அம்மாவே வரட்டும். முதலாளியை வர வேண்டாம் என்று அவர் சொல்லவில்லைதான். ஆனால் எல்லோருக்கும் அப்படித்தான் கேட்டது.

இன்றைக்கு என் கைப்பேசியில் எதையாவது தொட்டு அது திறக்க மறுத்தால், ஏதோ தவறு நேர்ந்துவிட்டது என்று ஒரு வரி வருகிறது. என்ன தவறு, யாருடைய தவறு, எந்த இடத்தில் யார் இல்லை? ஒன்றும் இருக்காது. பணிவான, வழவழப்பான, எழுதியவர் எவரும் இல்லாத ஒரு வரி. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆலையின் அந்தக் கறுத்த திரை நினைவுக்கு வரும். மாடியில் எங்கள் ஆபீஸ் இப்போது இல்லை. ஊதுபத்திக் கடை அங்கேயும் ஏறிவிட்டது. லீடரம்மா வேறு ஊருக்குப் போய்ப் பெரிய குழுக்களை நடத்தினார் என்று கேள்வி. அவரைத் தெய்வமாக்க எனக்கு விருப்பமில்லை. பட்டியலை வேறு யாரும் தொட விடமாட்டார்; அவர் விடுப்பில் போனால் நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்போம்; நல்ல வேலை செய்த கார்டுக்காரருக்கு ஒரு நல்ல சொல் கொடுத்திருக்கலாம். ஆனாலும் தன் கையில் இருந்த மிகப் பெரிய பொருளைப் பணயம் வைத்து, ஒருவரும் கேட்காத உண்மையைச் சொன்ன ஒருவரை, அதற்குப் பிறகு இத்தனை வேலைகளில், இத்தனை மாடிகளில், நான் அவ்வளவு அருகில் பார்த்ததில்லை.

நெல் கொட்டிய அன்று ஜீப்பில் திரும்பினோம். ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் முதலாளி ஓரமாக நிறுத்தி, கரும்புச் சாறு சொன்னார். பிழியும் உருளையின் சலங்கை குலுங்கியது. லாரிகள் போயின. லீடரம்மா தன் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தீர்ப்புக்கு நிற்பவர்போல நின்றார். முதலாளி தன்னுடையதைக் குடித்து முடித்து, மீசையைத் துடைத்தார்.

"அந்த ஈரக் கார்டை எங்கம்மா போடுவே?"

"கடைசியிலங்க சார். இனி எது வந்தாலும் கடைசியிலதானுங்க. குடுத்த இடத்தை நகத்தக் கூடாது."

"அதுக்கு அடுத்த கார்டு?"

"அதுக்கும் பொறகால."

"இடத்துக்குப் பஞ்சமில்லைன்னியே."

"பஞ்சமில்லீங்க சார்."

"ம்," என்றார் முதலாளி. கடைக்காரரிடம் டம்ளரைக் கொடுத்தார். "அப்ப அந்த மைத்துனங்களுக்கும் பெட்டி செய்யணும். கொதிகலனுக்கு ஒரு கார்டு கேக்கறாங்க. நாளைக்கே உக்காந்து இடம் போட்டு வை."

அவர் போய் ஜீப்பில் ஏறி ஹாரன் அடித்தார். அதற்குப் பிறகுதான் லீடரம்மா டம்ளரைத் தூக்கி, நெல் ஒட்டிய தலையைச் சாய்த்து, ஒரே மூச்சில் குடித்தார்.